"திடீர்னு முட்டிடுச்சு": பாலக்கோடு பக்கம் ஒரு செம்மறிக் கிடாவின் 14 மாதக் கதை

மாசிக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் ஆறேகால் மணிக்கு, புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கிடாவே என் பெரியம்மாவை முட்டிச் சாய்த்தது. இடது மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. வலது முழங்கால் வீங்கி, மூன்று வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். தொடையில் கன்றிய இடம் பழையபடி ஆக ஒரு மாதம் பிடித்தது. 61 வயதில் இடுப்பு எலும்பு தப்பியதே பெரிய விஷயம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோதும், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கேட்டபோதும் வீட்டில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "நல்லாத்தாங்க இருந்துச்சு, திடீர்னு முட்டிடுச்சு." நானும் அதை நம்பினேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டி ஓரம் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். கேட்கக் கேட்க அந்தத் "திடீர்" கரைந்துகொண்டே போனது. இது ஒன்றரை நிமிடத்தில் நடந்த விபத்து இல்லை, 14 மாதமாகத் தயாரான விபத்து. எப்படித் தயாரானது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. எட்டு வருடமாக முப்பது செம்மறி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். பெரியம்மாவின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் பெயர், ஊர்ப் பெயர் வேண்டாம் என்றார். "கெடா பேரை வேணா போட்டுக்க கண்ணு" என்றார். கிடாவின் பெயர் செவலை.

இடமும் ஆடுகளும்

பாலக்கோட்டுக்கும் மாரண்டஹள்ளிக்கும் நடுவில் இரண்டரை ஏக்கர். கிணற்றுப் பாசனத்தில் தக்காளி, கொஞ்சம் ராகி, மழை வந்தால் மேட்டுக் கொல்லையில் கடலை. 19 பெட்டை ஆடுகள், எட்டுக் குட்டிகள், ஒரு கிடா. எல்லாம் மேச்சேரி, அல்லது மேச்சேரி கலந்தவை. சேலம் மாவட்டத்து மேச்சேரியின் பெயரைத் தாங்கிய இனம் என்றாலும் தர்மபுரிப் பக்கமும் காலங்காலமாக இருப்பதுதான். பொட்டனேரியில் இந்த இனத்துக்கென்றே 1978 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. செம்பழுப்பு நிறம், குட்டை முடி, கத்தரிக்கிற வேலை இல்லை. கிடாவுக்கும் கொம்பு கிடையாது.

இந்தக் கொம்பு விஷயத்தைக் கவனியுங்கள். நான் விசாரித்த அன்று மூன்று பேர் மூன்று தடவை இதையே சொன்னார்கள்: "கொம்பே இல்லையே, என்ன பண்ணிடப் போகுதுன்னு நெனச்சோம்."

இன்னொன்று. பெரியம்மா வீட்டில் ஐந்து வருடத்துக்கு முன்புவரை வெள்ளாடுதான். வெள்ளாட்டுக் கிடாவோடு பழகிய கையை அப்படியே செம்மறிக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டும் சண்டை போடும் விதமே வேறு. வெள்ளாட்டுக் கிடா பின்னங்காலில் எழுந்து நின்று, தலையைச் சாய்த்து மேலிருந்து இறங்கும். எழும்போதே நமக்குத் தெரிந்துவிடும், விலகலாம். செம்மறிக் கிடா எழாது. நாலைந்து அடி பின்னால் போகும். பார்க்கிறவனுக்கு அது பயந்து ஒதுங்குவதுபோல இருக்கும். பிறகு நேர்கோட்டில் ஓடிவந்து மோதும். காலமறிதல் அதிகாரத்தில் சண்டைக் கிடா பின்வாங்குவதைச் சொல்லும் குறளைப் பத்தாவதில் மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கியவன் நான். ஆனால் செம்மறி வாங்கி இரண்டாம் வருடம் முட்டி வீங்கிய பிறகுதான் வள்ளுவர் எதைப் பார்த்து எழுதியிருப்பார் என்று புரிந்தது.

வீட்டு நிலவரத்தையும் சொல்ல வேண்டும். பெரியப்பா இல்லை. அண்ணன் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, வாரம் ஒரு நாள்தான் வருவார். அண்ணி காலையிலிருந்து தக்காளிக் காட்டில். ஆடுகள் பெரியம்மா பொறுப்பு, கூட ஐந்தாவது படிக்கும் பேரன். பட்டியைக் கட்டியது அண்ணன், இரண்டு நாள் லீவில். கல்தூண் நட்டு, கம்பி வலை அடித்து, 20 அடிக்கு 15 அடி. வேலை பழுதில்லை. ஆனால் தன் வேகத்துக்கும் தன் தோளுக்கும் ஏற்றபடி கட்டிவிட்டார். படல் உள்பக்கமாகத் திறக்கும். வேப்பமர நிழல் விழுகிறது என்று தீவனத் தொட்டியைப் படலுக்கு எதிர்க்கோடியில் வைத்திருந்தார். தீவனம் போடுகிறவர் கூடையைத் தூக்கிக்கொண்டு மொத்த மந்தையையும் கடந்து போக வேண்டும், அதே வழியில் திரும்பவும் வர வேண்டும். 35 வயது ஆம்பிளைக்கு அது ஒன்றுமில்லை. பெரும்பாலும் அதைச் செய்தது அவர் அம்மா.

புட்டிப்பால் காலம்

சம்பவத்துக்கு முந்தைய வருட மார்கழியில் செவலை பிறந்தது. மூன்றாம் நாள் தாய் வயிறு உப்பி இறந்துவிட்டது. பேரன் பசும்பாலைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தான். பனி என்று சொல்லிக் குட்டியை அடுப்படி ஓரம் சாக்கில் படுக்க வைத்தார்கள். அது அவன் பின்னாலேயே பள்ளிக்கூடக் கேட் வரைக்கும் போகும். பிஸ்கட் தின்னும். மூன்று மாதம் வரை அது ஆட்டு மந்தையில் இரவு படுத்ததே இல்லை.

இரண்டு மாதத்தில் ஒரு விளையாட்டு ஆரம்பித்தது. பேரன் உள்ளங்கையை அதன் நெற்றியில் வைத்துத் தள்ளுவான், அது எதிர்த்துத் தள்ளும். "முட்டு, முட்டு" என்றால் இரண்டடி பின்னால் போய்த் துள்ளி வந்து கையில் முட்டும். வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் செய்து காட்டுவார்கள். எனக்கும் காட்டினார்கள். நானும் சிரித்தேன், போனில் படம் எடுத்தேன். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆடு வளர்க்கிறவன் என்ற முறையில் அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டியவன் நான்.

ஏன் இது சாதாரண விளையாட்டு இல்லை? தாயோடு மந்தையில் வளரும் கிடாக்குட்டி தன் பலத்தை மற்ற குட்டிகளிடம்தான் சோதிக்கும். பெரிய ஆடு ஒரு முட்டு முட்டினால் அடங்கும். மனிதன் அதற்கு வேறு ஜாதிப் பிராணி, பக்கத்தில் வந்தால் விலக வேண்டியவன். அந்த விலகல்தான் நமக்குப் பாதுகாப்பு. புட்டியில் வளர்ந்த குட்டிக்கு அந்த விலகலே கிடையாது. நாம்தான் அதன் மந்தை. பெட்டைக் குட்டி என்றால் இதனால் பெரிய கெடுதல் இல்லை, வளர்ந்த பிறகும் காலைச் சுற்றிக்கொண்டிருக்கும். கிடாக்குட்டி ஆறேழு மாதத்தில் வயசுக்கு வந்ததும் மந்தையில் யார் பெரியவன் என்று பார்க்க ஆரம்பிக்கும். அதன் மந்தையில் இருப்பது பெரியம்மா, பேரன், அண்ணி. நெற்றியோடு நெற்றி தள்ளுவதுதான் கிடாக்களின் பலப்பரீட்சை. அதை இரண்டு மாதக் குட்டியிலிருந்தே வீட்டார் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஆக, "சாதுவான கிடா" என்று ஊரில் பெயர் எடுத்ததுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஆளைக் கண்டால் ஓடுகிற கிடாவை நம்பலாம். ஓடிவந்து கை நக்குகிற கிடாவை நம்பக் கூடாது. கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் பழைய மேய்ப்பர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

நான் கேட்டு வாங்கிய சம்பவங்களை மாத வரிசைப்படி வைத்துப் பார்த்தேன். நாலாம் மாதத்தில் தண்ணீர் வாளியை முட்டி உருட்டியிருக்கிறது. ஏழாம் மாதத்தில் பெரியம்மா நடக்கும்போது வழிவிடாமல் நின்று, தொடையில் நெற்றியை வைத்து அழுத்தியிருக்கிறது. "கொஞ்சுதுன்னு நெனச்சேன்." பத்தாம் மாதத்தில் பால் ஊற்ற வந்த ஆளைப் பின்னாலிருந்து ஒரு முட்டு. "பழக்கமில்லாத ஆளு, அதான்" என்று அவர் மேலேயே பழி போட்டார்கள். 13-ஆம் மாதத்தில் பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விட்டது, எப்படி என்று யாரும் கேட்கவில்லை. சம்பவத்துக்கு ஒன்பது நாள் முன்பு பேரனைப் படலோடு சேர்த்து அழுத்தியிருக்கிறது. அவன் அதை வீட்டில் சொல்லவே இல்லை. சொன்னால் செவலையை விற்றுவிடுவார்கள் என்று பயம்.

ஐந்து எச்சரிக்கை. ஒவ்வொன்றும் ஒவ்வொருவருக்குத் தெரியும். மொத்தமாக ஒருவருக்கும் தெரியாது.

இதற்கு நடுவில் இன்னொரு முடிவும் நடந்திருக்கிறது. எட்டாம் மாதம், இனவிருத்திக்கு வைத்திருந்த பழைய பொலி கிடாவை விற்றுவிட்டு, செவலை நன்றாக உடம்பு போட்டிருக்கிறதே என்று அதையே பொலிக்கு வைத்துக்கொண்டார்கள். அதே மந்தையில் பிறந்த கிடா. அதன் தாயோடு பிறந்தவையும் அந்த வீட்டுப் பெட்டைகள்தான். உறவுக்குள் சேர்ந்து குட்டிகள் மெலியும் என்பது தனிக் கதை. கிடாவைக் குணம் பார்த்தோ வம்சம் பார்த்தோ யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பாசம்தான் தேர்ந்தெடுத்தது.

அந்த ஒன்றரை நிமிடம்

வழக்கமாக நாலரை மணிக்கு அண்ணி வந்து கடலைக்கொடி போடுவார். அன்றைக்குத் தக்காளி லோடு ஏற்ற நேரமாகிவிட்டது. ஆறு தாண்டியும் ஆடுகள் கத்துகின்றன. பெரியம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். வெளிச்சம் மங்கிவிட்டது. மந்தையில் அன்று இரண்டு பெட்டைகள் கிடாவுக்கு, அதாவது பருவத்துக்கு, வந்திருந்தன. செவலை அவற்றை ஒரு மூலையில் ஒதுக்கி வைத்துக்கொண்டு மற்ற ஆடுகளை அண்டவிடாமல் நின்றது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குளிர் நாட்டுச் செம்மறிக்குப் பெரும்பாலும் வருடத்தில் ஒரு பருவம்தான். கிடாவுக்கு வெறி ஏறுவது அந்த மாதங்களில். மற்ற மாதங்களில் கொஞ்சம் அடங்கியிருக்கும். நம் பக்கத்து ஆடுகளுக்கு அந்தக் கணக்கு கிடையாது. வருடம் முழுக்க, சுமார் 17 நாளுக்கு ஒரு முறை பெட்டை பருவத்துக்கு வரும், ஒன்று ஒன்றரை நாள் இருக்கும். 19 பெட்டைகளில் சினையாகாமல் இருப்பவற்றைக் கணக்குப் போட்டால், மந்தையில் ஏதாவது ஒன்று கிடாவுக்கு வந்திருக்கும் நாட்கள் ஏராளம். "இப்போ சீசன் இல்லை" என்று நம் ஊரில் யாரும் அசட்டையாக இருக்க முடியாது.

பெரியம்மா தொட்டியருகே போனதும் பசியில் இருந்த ஆடுகள் மொத்தமும் அவரைச் சூழ்ந்தன. கிடா ஒதுக்கி வைத்திருந்த இரண்டும் அதோடு ஓடிவந்துவிட்டன. அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கிடாவுக்கு முதுகைக் காட்டியபடி குனிந்தார். படலுக்கு வெளியே நின்ற பேரன் பார்த்திருக்கிறான்: செவலை பின்னால் பின்னால் போனது. "ஆயா, செவலை உன்னப் பாத்து பயப்படுது" என்று சிரித்துக்கொண்டே கத்தியிருக்கிறான். வாக்கியம் முடிவதற்குள் மோதிவிட்டது.

முதல் அடி தொடையின் பின்பக்கம். பெரியம்மா கல்தொட்டியின் விளிம்பில் இடது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு அங்கேதான் போனது. உடனே எழ வேண்டும் என்று கையையும் முட்டியையும் தரையில் ஊன்றினார். தலை தாழ்ந்து, முகம் கிடாவைப் பார்த்தபடி நாலு காலில் நிற்கும் உருவம். கிடாவின் கண்ணுக்கு அது இன்னொரு கிடா பதிலுக்குத் தயாராக நிற்பது. மறுபடி பின்னால் போய் இரண்டாவது முட்டு, முழங்காலில்.

அண்ணி மூங்கில் கழியோடு ஓடிவந்து கிடாவின் தலையிலேயே ஓங்கி இரண்டு போட்டார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் கிடாவுக்கு நெற்றி அடி வலிப்பதைவிட எதிராளியின் பதில் என்றுதான் படும். அது அண்ணியைப் பார்த்துத் திரும்பிப் பின்னால் போக ஆரம்பித்தது.

நல்லவேளை, பக்கத்துக் கொல்லைத் தாத்தா சத்தம் கேட்டு வந்துவிட்டார். ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் வயலில் ஆட்டுக் கிடை போட்டவர். அவர் ஓடவில்லை, கத்தவில்லை. கம்பி வலையை ஒட்டியே பக்கவாட்டில் நடந்து கிடாவின் தோள் அருகே போனார். இடது கையைத் தாடைக்குக் கீழே கொடுத்துத் தலையை மேலே தூக்கினார். வலது கையால் பின்பக்கத்தைச் சேர்த்து அணைத்து, கிடாவை வலையோடு ஒட்டி நிறுத்தினார். அவ்வளவுதான். தலை மேலே தூக்கியிருக்கும்வரை செம்மறியால் முட்டவும் முடியாது, பாயவும் முடியாது. 70 வயதைத் தாண்டிய மனிதர் தனி ஆளாக அதை நிறுத்தி வைத்திருந்தார்.

அட்டையை வைத்துத் துண்டால் கையைக் கட்டி, 108-ல் ஏற்றினார்கள். எக்ஸ்ரே, மாவுக்கட்டு, தொட்டி விளிம்பில் சிராய்த்ததற்கு டெட்டனஸ் ஊசி. நாட்டு வைத்திய எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குப் போய்க் கட்டலாம் என்று இரண்டு மாமாக்கள் பிடிவாதம் பிடித்தார்கள். பெரியம்மாவே "படம் புடிச்சுப் பாத்துட்டாங்க, இங்கயே இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார்.

14 அடி

அந்த ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கிடாவாக நிற்க வைத்து, நான் பெரியம்மா நின்ற இடத்தில் நின்று டேப் பிடித்து அளந்தேன். கிடா நின்ற மூலையிலிருந்து தொட்டி வரைக்கும் 14 அடி, நடுவில் தடை ஒன்றும் இல்லை.

என் கணக்கில் இந்த 14 அடிதான் ஆயுதம். கொம்பு இல்லை. செவலையைப் பின்னால் விற்கும்போது எடை போட்டால் 41 கிலோ. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம்தான் குறைவு. அது ஓடிவந்து, கெட்டியான மண்டையோட்டை முன்னால் வைத்து, நம் முட்டி உயரத்தில் மோதுகிறது. கொம்பிருந்தால் குத்தும், கிழிக்கும். எலும்பை முறிப்பதற்குக் கொம்பு தேவையே இல்லை, எடையும் ஓட்டமும் போதும். எடையைக் குறைக்க முடியாது. ஓட்டத்தைக் குறைக்கலாம், ஓட இடம் கொடுக்காமல்.

இது மேய்ப்பவர்களுக்குப் பழைய சங்கதிதான். புதிதாக வாங்கிய இரண்டு கிடாக்களை ஒன்றாக விடும்போது முதலில் ஒன்றிரண்டு நாள் நெருக்கமான இடத்தில் அடைத்துப் போடுவார்கள். பின்னால் போக இடமில்லாததால் தள்ளிக்கொள்ளும், முகர்ந்துகொள்ளும், மண்டை உடையாது. நமக்கும் அதே கணக்கு. கிடாவின் தோளை ஒட்டி நிற்பவன் ஓரளவு பத்திரம். அதற்கு முன்னால் பத்தடி தள்ளி நிற்பவனுக்குத்தான் அடி. பயந்து நாலடி பின்னால் நகர்ந்தோம் என்றால் அதற்கு ஓட்டம் எடுக்க நாமே இடம் கொடுக்கிறோம்.

பக்கவாட்டில் போவதற்கும் காரணம் இருக்கிறது. செம்மறியின் கண்கள் முகத்தின் இரு பக்கமும் இருப்பதால் தலையைத் திருப்பாமலே ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்கும். அதற்குத் தெரியாத இடம் வாலுக்கு நேர் பின்னால், அப்புறம் மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்சம். நாம் கொஞ்சுகிறோம் என்று நேர் முன்னால் நின்று நெற்றியில் கை வைக்கிறோம். சரியாகத் தெரியாத இடத்திலிருந்து வரும் கை, சண்டைக்கு உரிய இடத்தில் விழுகிறது. தடவியே தீர வேண்டும் என்றால் தாடைக்குக் கீழே சொறியலாம். பொலி கிடாவை அதுவும் செய்யாமல் இருப்பது உத்தமம். பிடிக்கும்போது முடியைப் பிடித்து இழுப்பது, ஒரு காலைப் பிடித்துத் தூக்குவது எல்லாம் நம் ஊர்ச் சந்தைப் பழக்கம். முடியைப் பிடித்தால் தோலுக்கடியில் ரத்தம் கட்டும், காலை இழுத்தால் மூட்டு நழுவும், கிடாவுக்குக் கோபமும் ஏறும்.

செவலையை என்ன செய்வது

வீட்டில் இதற்குத்தான் பெரிய பஞ்சாயத்து. காயடித்து வைத்துக்கொள்ளலாம் என்பது பேரன் கட்சி. கால்நடை மருந்தக டாக்டரிடம் கேட்டோம். மூன்று நாலு மாதத்தில் காயடிக்கும் பர்டிசோ இடுக்கி போட்டிருந்தால் இந்தப் பிரச்சினை இந்த அளவுக்கு வந்திருக்காது, இப்போது போட்டால் வேகம் குறையும், ஆனால் ஆளை முட்டிப் பழகிய பழக்கம் போய்விடும் என்று என்னால் உறுதி தர முடியாது என்றார். வீட்டில் இருப்பது ஒரு வயதானவரும் ஒரு சின்னப் பையனும் என்பதை நினைத்துச் சொன்ன பதில் அது. எனக்கு நியாயமாகவே பட்டது.

ஒரு சொந்தக்காரர், "முட்டுக் கிடாவா வித்தா நல்ல காசு" என்றார். விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960-ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படியே குற்றம். அதோடு அந்த ஆட்டத்துக்குக் கொம்புக் கிடாதான் கேட்பார்கள். பேச்சு அதோடு நின்றது.

நல்லம்பள்ளி செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு போனோம். செவலையின் உடம்பைப் பார்த்துத் தரகர் ஒருவர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினார். பொலிக்கு என்றால் ஒரு விலை, கறிக்கு என்றால் அதைவிடக் குறைந்த விலை. வித்தியாசம் சின்னத் தொகை இல்லை. அண்ணன் கொஞ்சம் தடுமாறினார். பெரியம்மா காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்: "பொலிக்குக் குடுக்காத. வாங்கறவன் வீட்லயும் ஒரு கெழவி இருப்பா." கறிக்குத்தான் கொடுத்தோம். ஆளை முட்டும் என்பதையும் வாங்கியவரிடம் சொன்னோம், வண்டியில் ஏற்றும்போது அவருக்கு அது தெரிய வேண்டும். பேரனிடம் அன்று ராத்திரிதான் சொன்னார்கள். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

பட்டியில் மாற்றியது

புதுக் கிடாவை மேச்சேரிப் பக்கமிருந்து வாங்கினோம். இரண்டு பல் போட்டது, தாயோடு மந்தையில் வளர்ந்தது. போய்ப் பார்க்கும்போது பல்லையும் விதையையும் காலையும் எல்லோரும் பார்ப்பார்கள். நான் முதலில் ஆறேழு அடி தூரத்தில் போய்ச் சும்மா நின்றேன். விலகி மந்தைக்குள் புகுந்துகொண்டால் சரி. நின்று முறைத்தாலோ, கிட்ட வந்து உரசினாலோ எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். இரண்டைத் தள்ளிவிட்டு மூன்றாவதை எடுத்தோம். 25 பெட்டைக்கு ஒரு கிடா போதும். இரண்டு வருடத்தில் இதையும் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் பெண் குட்டிகளோடே சேரும்.

பட்டியில் செய்த வேலை மொத்தம் ஒரு நாள்தான். தீவனத் தொட்டியைத் தூக்கிப் படலுக்குப் பக்கத்தில், வலையை ஒட்டி வைத்தோம். வலையில் ஓர் இடைவெளி விட்டு, வெளியில் நின்றபடியே கொடியைப் போடுகிற மாதிரி செய்தோம். இது ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டது, ஏனென்றால் பெரியம்மா பட்டிக்குள் போக வேண்டிய தேவையே குறைந்துவிட்டது. படலை வெளிப்பக்கம் திறக்கிறபடி மாற்றினோம். உள்ளே திறக்கிற படல், ஆடுகள் நெருக்கினால் திறக்கவே திறக்காது. முன்பு யாருக்கும் இது தோன்றவில்லை, எனக்கும்தான்.

கிடாவுக்குத் தனியாக எட்டுக்கு ஆறு அடியில் ஓர் அடைப்பு. பகலில் மேய்ச்சலுக்குப் போவதால் ராத்திரிக்கு அது போதும். படுக்கலாம், திரும்பலாம், ஓட்டம் எடுக்க முடியாது. ஒற்றையாகப் போட்டால் செம்மறிக்கு மனசு கெட்டுவிடும், அதனால் காயடித்த குட்டி ஒன்றைத் துணைக்கு விட்டிருக்கிறோம். பெட்டைகளோடு விடும் நாட்களில் யாராவது உள்ளே போனால் இரண்டு பேர்தான் போவார்கள், ஒருவர் வேலை செய்ய, ஒருவர் கிடாவைப் பார்க்க. குடற்புழு மருந்து ஊற்றவும் குளம்பு சீவவும் இரண்டு தட்டியை ஒன்றரை அடி சந்தாக நிறுத்தி, அதற்குள் ஒவ்வொன்றாக விடுகிறோம். பட்டிக்குள் துரத்திப் பிடிக்கும் வேலையே இல்லை.

தாத்தா சொன்னது ஒன்று இருக்கிறது. கிடா கழுத்தில் ஒரு மணி. முதலில் அழகுக்கு என்று நினைத்தேன். மங்கிய வெளிச்சத்தில், முதுகுப் பக்கம், கிடா எங்கே நிற்கிறது, நடக்கிறதா ஓடுகிறதா என்று காது சொல்லிவிடும். சந்தையில் வாங்கிய மணிக்கு இருக்கிற மதிப்பு அந்தப் பட்டியில் வேறு எதற்கும் இல்லை என்பேன்.

பழைய பிளைவுட் பலகை ஒன்றையும் படலில் மாட்டி வைத்திருக்கிறோம், முட்டியிலிருந்து இடுப்பு வரை மறைக்கிற அளவு, பிடிக்க ஒரு ஓட்டை. உள்ளே போனால் கையில் அது இருக்க வேண்டும். கிடா பாய்ந்தால் பலகையை நடுவில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஒதுங்க வேண்டும். ஓட்டம் எடுத்த கிடா சட்டென்று திரும்பாது. திரும்பி ஓடக் கூடாது, அதைவிட வேகமாக நம்மால் ஓட முடியாது. விழுந்துவிட்டால் அங்கேயே எழப் பார்க்காமல் வலை ஓரமாக உருண்டு, தூணைப் பிடித்து எழ வேண்டும். இதைப் பெரியம்மாவுக்கும் பேரனுக்கும் கிடா இல்லாத நேரத்தில் நடித்தே காட்டினோம். பெரியம்மா சிரித்து, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இந்த வயசுல உருளச் சொல்றானுங்க" என்றார்.

வைகாசிக் குட்டி

வைகாசியில், முதல் தடவை ஈனும் ஒரு தலையீத்துப் பெட்டை குட்டி போட்டுவிட்டுக் கிட்டவே சேர்க்கவில்லை. அதுவும் கிடாக்குட்டி. வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் என்று அண்ணி சொன்னார்.

முதலில் தாயைத் தட்டிக்குள் ஒடுக்கிப் பிடித்து, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலை ஊட்ட வைத்தார்கள். அன்றே குட்டி ஈன்ற இன்னோர் ஆடு இருந்தது. அதன் ஈரத்தை இந்தக் குட்டி மேல் தடவிச் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் முகர்ந்து முகர்ந்து தள்ளிவிட்டது. வேறு வழியில்லாமல் புட்டி. ஆனால் இந்தத் தடவை குட்டி ஒரு ராத்திரிகூட வீட்டுக்குள் படுக்கவில்லை. மந்தையிலேயே, மற்ற குட்டிகளோடே. பேரன் நேரத்துக்குப் போய், வலை வழியாகப் புட்டியை நீட்டி, பால் முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். தூக்கக் கூடாது, நெற்றியைத் தொடக் கூடாது.

போன வாரம் போயிருந்தபோது நானே பார்த்தேன். பால் குடித்து முடித்த குட்டி வலைக்குள் நின்று அவனைப் பார்த்துக் கத்தியது. அவன் இரண்டு கையையும் டவுசர் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கத்திவிட்டு அது மற்ற குட்டிகளோடு துள்ளப் போய்விட்டது. ஆவணியில் பர்டிசோ போட டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது. காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருப்பது பேரன்தான். குட்டிக்குப் பெயர் என்ன என்று கேட்டேன்.

"இன்னும் வைக்கல" என்றான்.